சேஃப்டி போட்டிருந்தும் எப்படி வெடித்தது? ட்ரிகருக்குள் நடப்பது என்ன?

கைதவறி விழுந்த துப்பாக்கி வெடித்தது என்று செய்தி வந்தால், டீக்கடையில் முதலில் எழும் கேள்வி, "சேஃப்டி போட்டிருந்தாங்களா இல்லையா?" என்பதுதான். கேள்வி சரிதான், ஆனால் பாதிக் கேள்வி. அந்தத் துப்பாக்கியின் சேஃப்டி எதைப் பிடித்து நிறுத்துகிறது என்பது மீதிப் பாதி. ட்ரிகரையா, சியரையா, ஹேமரையா, ஃபயரிங் பின்னையா? வெளியே பார்த்தால் எல்லாத் துப்பாக்கியிலும் அதே சின்னக் குமிழ்தான். உள்ளே அது எந்தத் துண்டுக்கு முட்டுக் கொடுக்கிறதோ, அதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும்.

இந்த நான்கு துண்டுகளையும் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

பெரும்பாலான தோட்டாக்களின் அடியில் நடுவே ஒரு சிறு பித்தளைக் கிண்ணம் இருக்கும். அதுதான் பிரைமர். அதன் மேல் ஒரு கூரான ஊசி வேகமாக மோதினால் தீப்பிடிக்கும், மருந்து எரியும், குண்டு கிளம்பும். அந்த ஊசிதான் ஃபயரிங் பின். ஊசியை அடிப்பது ஹேமர், அதாவது வலுவான ஸ்பிரிங்கால் முன்னோக்கித் தள்ளப்படும் குட்டிச் சுத்தியல். சில துப்பாக்கிகளில் ஹேமரே கிடையாது. ஊசியே கனமாக இருக்கும், அதன் பின்னாலேயே ஸ்பிரிங் இருக்கும். அதை ஸ்ட்ரைக்கர் என்பார்கள். பின்னுக்கு இழுத்து 'காக்' செய்த ஹேமரையோ ஸ்ட்ரைக்கரையோ போகவிடாமல் தாங்கி நிற்கும் சிறு எஃகு நாக்குக்கு சியர் என்று பெயர். இப்படி காக் ஆகி நிற்கும்போது விரல் தொடும் ட்ரிகர் செய்வது ஒரே ஒரு வேலை: சியரை நகர்த்துவது.

சுடும் ஆற்றலை ட்ரிகர் கொடுக்கவில்லை, அது ஏற்கெனவே ஸ்பிரிங்கில் இருக்கிறது. ட்ரிகர் அதை விடுவிக்கிறது, அவ்வளவுதான். சென்னைத் துறைமுகத்திலோ எண்ணூரிலோ ஜெட்டியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எண்ணெய்க் கப்பலைக் கட்டிய கயிறு பல டன் இழுவையில் விறைத்து நிற்கும். அதைப் பிடித்திருக்கும் கொக்கியின் கைப்பிடியை அவசரத்துக்கு ஒரே ஒரு ஆள் தட்டினால் கயிறு விடுபட்டுப் பறக்கும். பெரிய விசையைச் சின்ன விசையால் அடக்கி வைக்கும் எந்த அமைப்பிலும் இரண்டு பயம் உண்டு. வேண்டும்போது விடுபடாமல் போவது ஒன்று, வேண்டாதபோது விடுபடுவது இன்னொன்று. துப்பாக்கியில் இரண்டாவதுதான் பெரிய பயம்.

அரை மில்லிமீட்டரின் கதை

ஹேமரின் அடிப்பகுதியில் ஒரு காடி வெட்டியிருக்கும். சியரின் மூக்கு அந்தக் காடிக்குள் நுழைந்து நிற்கும். எவ்வளவு ஆழம்? பல கைத்துப்பாக்கிகளில் சுமார் அரை மில்லிமீட்டர். இரண்டு மூன்று கட்டைவிரல் நகத்தை அடுக்கினால் வரும் தடிமனைவிடக் குறைவான இந்த உலோக விளிம்பைத் தாண்டி ஹேமர் வந்தால் வேட்டு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான் இவை. ஹேமர் ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் காடியும் சியரும் 80 நியூட்டன் விசையோடு ஒன்றையொன்று அழுத்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் தடவிய, மழமழப்பான எஃகில் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.12. அப்படியானால் சியரை உருவ 80 × 0.12 = 9.6 நியூட்டன் வேண்டும். ட்ரிகரின் நெம்புகோல் அமைப்பு அதைப் பாதியாக்கினால் விரலுக்கு வருவது 4.8 நியூட்டன். இதோடு ட்ரிகரையும் சியரையும் பழைய இடத்துக்குத் தள்ளும் சிறு ஸ்பிரிங்குகள் 12 நியூட்டன் கேட்கின்றன என்று கொண்டால் மொத்தம் 16.8. ஏறத்தாழ 1.7 கிலோ எடையைத் தூக்கும் விசை.

இப்போது அதே பரப்பு துருப்பிடித்து, எண்ணெய் காய்ந்து, உராய்வு 0.4 ஆகிவிட்டது என்று வையுங்கள். 80 × 0.4 = 32, அதில் பாதி 16, ஸ்பிரிங்கையும் சேர்த்தால் 28 நியூட்டன். கிட்டத்தட்ட 2.9 கிலோ. துப்பாக்கியில் ஒரு துண்டைக்கூட மாற்றாமல் ட்ரிகர் ஒரு கிலோவுக்கு மேல் கனத்துவிட்டது. 'ட்ரிகர் கெட்டியாயிடுச்சு' என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான். அதற்கு மருந்து அரம் அல்ல, துடைப்பதும் எண்ணெய் போடுவதும்தான்.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் கணக்கில் 16.8-ல் 12 நியூட்டன் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங்குகளால் வந்தது. ட்ரிகரை லேசாக்க நினைப்பவரின் கை முதலில் போவது அந்த ஸ்பிரிங்கை வெட்டவோ வளைக்கவோதான். உடனே பலன் தெரியும், விரலுக்குச் சுகமாக இருக்கும். ஆனால் விழும்போதும் அதிரும்போதும் சியரை அதன் இடத்தில் பிடித்து வைப்பது அதே ஸ்பிரிங்தான். வசதிக்காக வெட்டியது பாதுகாப்பின் பங்கு.

ஆழத்தைவிட முக்கியமானது கோணம். காடியின் முகமும் சியரின் முகமும் எந்தச் சாய்வில் சந்திக்கின்றன என்பதுதான் நல்ல ட்ரிகருக்கும் ஆபத்தான ட்ரிகருக்கும் உள்ள வித்தியாசம். ஹேமர் சியரை அழுத்தும் விசையை ஒரு கோடாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு சியர் சுழலும் அச்சின் மையம் வழியாகவே போனால், ஹேமரின் அழுத்தம் சியரை இந்தப் பக்கமும் திருப்பாது, அந்தப் பக்கமும் திருப்பாது. இது நடுநிலைக் கோணம். கோடு கொஞ்சம் விலகி, சியரைக் காடிக்குள் இன்னும் ஆழமாக இழுக்கும் பக்கம் போனால் அது நேர்க்கோணம். அப்போது ட்ரிகரை இழுக்கையில் ஹேமர் ஒரு மயிரிழை பின்னே போய்விட்டுத்தான் விடுபடும். பாதி இழுத்து மனம் மாறி விரலை எடுத்தால் சியர் தானாகப் பழைய ஆழத்துக்குத் திரும்பிவிடும். ஹேமர் வெளியே தெரியும் துப்பாக்கியில், அதுவும் தோட்டா இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்ட பிறகு, பக்கவாட்டிலிருந்து உற்றுப் பார்த்தால் இந்தச் சின்ன அசைவு கண்ணுக்கே தெரியும்.

மூன்றாவது எதிர்க்கோணம். இங்கே ஹேமரின் அழுத்தமே சியரை வெளியே தள்ளப் பார்க்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு மட்டும்தான். உராய்வு 0.12 என்றால் அது தாங்கும் சாய்வு சுமார் 7 டிகிரி வரைக்கும். அதைத் தாண்டினால் ஹேமர் நிற்கவே நிற்காது, அதனால் தவறு உடனே தெரிந்துவிடும். பயப்பட வேண்டியது 2, 3 டிகிரி எதிர்க்கோணத்தைப் பார்த்துத்தான். மேசையில் வைத்தால் நிற்கும், விரலுக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும், பார்ப்பவர் எல்லாம் பாராட்டுவார்கள். ஒரு சொட்டு எண்ணெய் கூடினாலோ, வண்டியில் போகும்போது ஒரு குலுக்கல் வந்தாலோ சியர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே ஊர்ந்து வரும். உள்ளே திரும்பிப் போக அதற்கு வழியில்லை.

'அரத்தால லேசா தேச்சா போதும்' என்ற யோசனை எங்கே கொண்டுபோய் விடும் என்பது இப்போது புரிந்திருக்கும். அரை மில்லிமீட்டர் முகத்தில் கையால் அரம் பிடித்து 2 டிகிரி தவறாமல் தேய்க்க யாராலும் முடியாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பல பழைய துப்பாக்கிகளில் சியரும் ஹேமரும் மேல்தோல் மட்டும் கடினமாக்கிய எஃகு. அந்தக் கடினத் தோலின் தடிமனே ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதைத் தேய்த்துத் தாண்டிவிட்டால் உள்ளே இருப்பது மென்மையான எஃகு. அன்றைக்கு நன்றாக வேலை செய்யும். போகப்போக விளிம்பு மழுங்கி, கோணம் தானாக எதிர்ப்பக்கம் சாயும். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் பட்டறையில் கியர் பல்லைக் கடினப்படுத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த நோய் நன்றாகவே தெரியும்.

விரலுக்குத் தெரியும் நாலு கட்டம்

ட்ரிகரை மெதுவாக இழுத்தால் முதலில் எதிர்ப்பே இல்லாமல் கொஞ்ச தூரம் வரும். அது வெறும் இடைவெளி. பிறகு ஒரு சுவரில் முட்டியது போல நிற்கும். சியரும் காடியும் உராயத் தொடங்குவது அங்கேதான். அங்கிருந்து விடுபடும் வரை ட்ரிகர் சரசரவென்று நகர்ந்தால் அதற்கு க்ரீப் என்று பெயர். முகங்கள் சொரசொரப்பாக இருப்பதற்கோ, பிடி ஆழமாக இருப்பதற்கோ அது அடையாளம். விடுபட்ட பிறகும் ட்ரிகர் பின்னே போகும் மிச்ச தூரம் ஓவர்ட்ராவல். குறி பார்த்துச் சுடுபவருக்கு இந்தக் கடைசித் தூரமே எதிரி. குண்டு குழலைவிட்டுப் போவதற்குள் விரல் முட்டி நின்று துப்பாக்கியை அசைத்துவிடும்.

இந்தியப் போலீஸும் என்சிசியும் பல பத்தாண்டுகள் கையில் வைத்திருந்த லீ என்ஃபீல்ட் ரைஃபிளில் இரட்டைக் கட்ட ட்ரிகர். முதல் இழுப்பு சுமார் ஒன்றரை கிலோ, இரண்டாவது சுமார் இரண்டரை கிலோ. தோளில் மாட்டிக்கொண்டு ஓடும்போது சியர் ஆழமாகப் பிடித்திருக்கும். சுட முடிவெடுத்து முதல் கட்டத்தை இழுத்ததும் பிடியின் பெரும்பகுதி குறைந்துவிடும். கடைசி நூலளவு மட்டும் இரண்டாவது கட்டத்துக்கு மிச்சம். தூக்கிக்கொண்டு நடக்கும்போது முரட்டுப் பிடி, சுடும்போது மென்மையான விடுப்பு. இரண்டையும் ஒரே சியரில் கொண்டுவந்த புத்திசாலித்தனம் அது.

நடுவே ஒரு தகவல். திருவொற்றியூர் ஆலையில் 1950-களிலிருந்து புல்லட் மோட்டார் சைக்கிள் செய்த ராயல் என்ஃபீல்ட் கம்பெனிக்கும் இந்த ரைஃபிளுக்கும் தூரத்து உறவு உண்டு. இங்கிலாந்தின் ரெடிச் ஊரிலிருந்த தாய்க் கம்பெனி, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்பாகங்கள் செய்து கொடுத்தது. பீரங்கிச் சின்னமும், 'துப்பாக்கி போலச் செய்தது' என்ற விளம்பர வாசகமும் அந்த உறவின் மிச்சம்.

போட்டித் துப்பாக்கிகளில் எடைக்கு விதி உண்டு. சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு இப்படிக் குறைந்தபட்சம் எதுவும் இல்லை. சோதிப்பது எளிது. குழல் மேலே பார்க்க, துப்பாக்கியைச் செங்குத்தாகப் பிடித்து, எடைக்கல்லின் கொக்கியை ட்ரிகரில் மாட்டித் தூக்குவார்கள். கல் தரையைவிட்டு எழும்ப வேண்டும், ட்ரிகர் விடுபடக் கூடாது. சியரின் முகம் தேய்ந்த துப்பாக்கி முதல் முறை தாங்கி, அடுத்த முறை தவறும். அப்படி ஒரு முறை இப்படியும் ஒரு முறை அப்படியும் நடந்தால், எடை குறைவு என்பதைவிடப் பிடி நம்பத்தக்கதாக இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விழுந்தால் என்ன ஆகும்?

இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே, 1.2 மீட்டரிலிருந்து ஒரு பிஸ்டல் நழுவுகிறது. தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 4.85 மீட்டர். அது பின்பக்கம் கீழாக, குழல் மேலாக விழுகிறது. பிஸ்டல் சட்டென்று நின்றுவிடும். உள்ளே இருக்கும் ட்ரிகருக்கு அது தெரியாது. அது அதே வேகத்தில் பின்னோக்கிப் போகப் பார்க்கும். பின்னோக்கிப் போவது என்றால் விரலால் இழுப்பது போலவேதான்.

ட்ரிகரின் எடை 5 கிராம் என்று கொண்டால், அதில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 0.06 ஜூல். சிறிய எண்தான். ஆனால் ட்ரிகரை விடுவிக்க எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். 15 நியூட்டன் எடையும் ஒரு மில்லிமீட்டர் நகர்வும் மட்டுமே உள்ள லேசான ட்ரிகருக்குத் தேவை 0.015 ஜூல்தான். விழுந்த வேகத்தில் அதைப்போல நான்கு மடங்கு இருக்கிறது, ஆகவே வெடிக்கும். இதையே, ட்ரிகர் இழுப்பிலேயே ஹேமர் பின்னே போய் விழும் டபுள் ஆக்ஷன் ரிவால்வரில் பாருங்கள். சராசரியாக 50 நியூட்டன், 15 மில்லிமீட்டர். தேவை 0.75 ஜூல். விழுந்ததில் கிடைத்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. போலீஸ் ரிவால்வர்கள் வெளியே சேஃப்டி குமிழே இல்லாமல் இத்தனை காலம் ஓடியதற்கு இந்த நீளமான, கனமான இழுப்பு ஒரு காரணம். ஹேமரைக் கையால் 'காக்' செய்துவிட்டால் இந்தக் காப்பு போய்விடும். அப்போது இழுப்பு சின்னதாகிவிடுகிறது.

இதற்குத் தீர்வு மூன்று வழியில் வரலாம். ட்ரிகரின் எடையைக் குறைக்கலாம். 5 கிராமை 2 கிராமாக்கினால் ஆற்றலும் 0.024-க்கு இறங்கும். ட்ரிகரின் முகத்தில் தனியாக ஒரு சிறு நாக்கு வைக்கலாம். விரல் அந்த நாக்கை அழுத்தினால் ஒழிய ட்ரிகர் துப்பாக்கியின் உடற்சட்டத்தில் முட்டி நிற்கும். அந்த நாக்கின் எடை மிகக் குறைவு என்பதால் விழும்போது அதன் ஸ்பிரிங்கை அது வெல்லாது. 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட கிளாக் பிஸ்டல் இந்த வழியைப் பிரபலமாக்கியது. மூன்றாவது, ட்ரிகர் என்னவானாலும் ஆகட்டும் என்று விட்டுவிட்டு ஃபயரிங் பின்னையே தனியாகப் பூட்டுவது. 2017-ல் சிக் சாவர் பி320 பிஸ்டல் குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கிறது என்ற பிரச்சினை எழுந்தபோது, கம்பெனி கொடுத்த மாற்றத்தில் லேசான ட்ரிகரும் லேசான சியரும் லேசான ஸ்ட்ரைக்கரும் இருந்தன. மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் காரணம் புரியும்.

ட்ரிகர் ஒரு பக்கம் இருக்கட்டும். பழைய ரிவால்வர்களில் ஆபத்து ஹேமரிலேயே இருந்தது. 1873-ல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி ரிவால்வரில் ஊசி ஹேமரோடு சேர்ந்தது. ஹேமர் இறங்கியிருக்கும்போது ஊசி முனை நேராகப் பிரைமர் மேல் உட்கார்ந்திருக்கும். ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள ரிவால்வர் 1.2 மீட்டரிலிருந்து ஹேமர் கீழாக விழுந்தால் தரைக்கு வரும் ஆற்றல் கிட்டத்தட்ட 12 ஜூல். அதில் ஒரு சிறு பங்கு ஊசிக்குப் போனாலே போதும். அதனால்தான் ஆறு அறை உள்ள ரிவால்வரில் ஐந்து தோட்டா போட்டு, ஹேமருக்கு அடியில் ஓர் அறையைக் காலியாக விடும் பழக்கம் வந்தது.

இரண்டாம் உலகப் போரில், 1944-ல், அமெரிக்கப் போர்க்கப்பலின் எஃகுத் தளத்தில் விழுந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் வெடித்து ஒரு மாலுமி இறந்தார். அந்த ரிவால்வரில் ஹேமரைத் தடுக்கும் உறுப்பு ஏற்கெனவே இருந்தது, ஆனால் அது இயங்கியது ஒரு ஸ்பிரிங்கை நம்பி. அதன் பிறகு வந்த வடிவத்தில், ட்ரிகரோடு சேர்ந்து நகரும் துண்டே அந்தத் தடையை நேரடியாக மேலே தள்ளி ஹேமருக்கும் சட்டத்துக்கும் நடுவே நிறுத்தியது. ஸ்பிரிங் தள்ளும் தடை அழுக்கில் சிக்கினால் சும்மா இருந்துவிடும். இயந்திரத் தொடர்பால் நகரும் தடை சிக்கினால் ட்ரிகரே திரும்பாது, கோளாறு கையில் தெரிந்துவிடும். தானே காட்டிக்கொடுக்கும் கோளாறு பாதி ஆபத்துதான்.

1973-ல் ரூகர் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் ரிவால்வரில் ஹேமர் ஊசியைத் தொடவே தொடாது, நடுவே இடைவெளி. ட்ரிகரை முழுக்க இழுத்தால் மட்டும் ஒரு தட்டை எஃகுப் பட்டை மேலேறி அந்த இடைவெளியில் நிற்கும். ஹேமர் பட்டையை அடிக்கும், பட்டை ஊசியை அடிக்கும். ட்ரிகரில் விரல் இல்லையென்றால் பட்டை இல்லை, பட்டை இல்லையென்றால் அடி போய்ச் சேராது. முன்னதில் ஒரு துண்டு வழியில் நின்று தடுத்தது. இங்கே வேண்டிய துண்டே வழியில் இல்லாததால் தடை. நம் பார்வையில் இதுதான் நல்ல வழி. ஏதாவது உடைந்தாலும் துப்பாக்கி சுடாமல் போகுமே தவிர, தானாகச் சுடாது.

இனி அந்தக் குமிழ்

வெளியே தெரியும் சேஃப்டி குமிழ்களை இப்போது எடை போடலாம். நம்மூரில் அதிகம் காணும் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1875-ல் வந்த ஆன்சன் அண்ட் டீலி அமைப்பின் வாரிசுகள் இவை. பிடிக்கு மேலே கட்டைவிரல் நகர்த்தும் சேஃப்டி, பெரும்பாலான இந்தத் துப்பாக்கிகளில் தடுப்பது ட்ரிகரை மட்டும். உள்ளே ஹேமர்கள் காக் ஆகி, சியரில் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. துப்பாக்கியைத் திறந்து மூடினாலே ஹேமர் காக் ஆகிவிடும். சியர் தேய்ந்த துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்து அது நழுவி விழுந்தால், ட்ரிகரைப் பூட்டிய குமிழால் ஒரு பயனும் இல்லை. இயக்கப் பாகங்களைப் பக்கத் தகட்டில் பொருத்திய, விலை உயர்ந்த சைடுலாக் துப்பாக்கிகளில் இதற்காகவே இரண்டாவதாக ஒரு சியர் இருக்கும். முதல் சியர் தானாக நழுவினால் இது நடுவழியில் ஹேமரைப் பிடித்துக்கொள்ளும்.

'1911' என்ற மாடல் கோல்ட் பிஸ்டலில் கட்டைவிரல் சேஃப்டி சியரையே பூட்டும், கைப்பிடி சேஃப்டி ட்ரிகரைப் பூட்டும். ஃபயரிங் பின்னுக்கு மட்டும் முதலில் பூட்டு கிடையாது. குழல் கீழாக அதிக உயரத்திலிருந்து விழுந்தால், ஊசி தன் எடையாலேயே முன்னே பாய வாய்ப்பு இருந்தது. ட்ரிகரை முழுக்க இழுத்தால் மட்டும் விலகும் ஊசிப் பூட்டை 1980-களில் கோல்ட் தன் சீரிஸ் 80 பிஸ்டல்களில் சேர்த்தது.

தாழ்ப்பாள் போன்ற போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ரைஃபிள்களில் மவுசர் 98-இன் சேஃப்டிக்கு ஈடு சொல்வது கடினம். அது ஸ்ட்ரைக்கரையே சியரிலிருந்து சற்றுப் பின்னே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ட்ரிகர் தேய்ந்தாலும் சியர் உடைந்தாலும் ஸ்ட்ரைக்கர் அசையாது. அதோடு மூன்று நிலை. நடு நிலையில் ஸ்ட்ரைக்கர் பூட்டியிருக்கும், போல்ட்டை மட்டும் திறக்கலாம். இதன் அருமை தோட்டாவை வெளியே எடுக்கும்போதுதான் தெரியும். சில ரைஃபிள்களில் சேஃப்டி போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். தோட்டாவை எடுக்க சேஃப்டியை எடுத்தே ஆக வேண்டும். பாதுகாப்பாகக் காலி செய்யப் போகும் அதே நேரத்தில் பாதுகாப்பை நீக்கச் சொல்லும் அமைப்பு அது. ரெமிங்டன் 700 ரைஃபிளில் 1982 வரை அப்படித்தான் இருந்தது.

அதே கம்பெனி 2014-ல் எக்ஸ்-மார்க் புரோ ட்ரிகர்களைத் திரும்பப் பெற்றதற்குச் சொன்ன காரணம் வேடிக்கையாகத் தோன்றும்: தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தும்போது ஒட்டுப்பசை அதிகமாகிவிட்டது. அரை மில்லிமீட்டரில் வேலை செய்யும் இடத்தில் ஒரு துளிப் பசை என்ன செய்யும் என்பதை மேலே பார்த்த கணக்கு சொல்லும்.

நமக்குப் பசை வேண்டாம், கடற்காற்றே போதும். காசிமேட்டிலும் எண்ணூரிலும் பட்டறை வாசலில் வைத்த ஷாஃப்ட் ஒரே ராத்திரியில் சிவந்துவிடும். காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெளியே பளபளக்கும் துப்பாக்கியில்கூட ட்ரிகர் இருக்கும் அறை இருட்டாக, காற்றோட்டமின்றி, துருவுக்கு வசதியாக இருக்கிறது. தோல் உறையிலேயே மாதக்கணக்கில் வைத்தால் இன்னும் மோசம், தோல் ஈரத்தை விடாது. சமையல் எண்ணெய் எதுவும் கூடாது. தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும், மற்ற பல எண்ணெய்கள் நாள்பட்டால் பிசினாகும். பிசின் பிடித்த சியர் காடிக்குள் முழுதாக இறங்காது, பாதிப் பிடியில் நின்றுவிடும். கனமான கிரீஸும் இங்கே எதிரிதான். மெல்லிய இயந்திர எண்ணெய், அதுவும் ஒரு சொட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுவது: இவ்வளவுதான் தேவை.

உள்ளே எதையும் கழற்றாமலேயே சோதிக்கலாம். முதலில் தோட்டா அடுக்கும் பெட்டியான மேகசினை எடுங்கள், பிறகு அறையைத் திறந்து கண்ணால் பாருங்கள், விரல் நுனியால் தடவியும் பாருங்கள். வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளே இருக்க அறையைக் காலி செய்தால், மூடும்போது அடுத்த தோட்டா ஏறிவிடும். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். குழல் ஆளில்லாத பக்கம் பார்க்கட்டும். இனி காக் செய்து, சேஃப்டியைப் போட்டு, ட்ரிகரை நன்றாக அழுத்தி விடுங்கள். ஹேமர் விழக் கூடாது. விழவில்லை என்றதும் பலர் நிறுத்திவிடுவார்கள், சோதனை இனிமேல்தான் இருக்கிறது. ட்ரிகரைத் தொடாமல் சேஃப்டியை மட்டும் எடுங்கள். அந்த நொடியில் ஹேமர் விழுந்தால், நீங்கள் ட்ரிகரை அழுத்தியபோதே சியர் நழுவிவிட்டது, குமிழ்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அந்தத் துப்பாக்கியில் தோட்டாவே போடக் கூடாது. விழவில்லையென்றால் ட்ரிகரை இழுங்கள், இப்போது விழ வேண்டும்.

தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலாக இருந்தால் இன்னொரு படி உண்டு. ட்ரிகரை இழுத்தபடியே பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் நகரும் மேல் பாகமான ஸ்லைடை முழுக்க இழுத்து விடுங்கள். ஹேமர் பின்னாலேயே நிற்க வேண்டும். பிறகு ட்ரிகரை மெதுவாக விட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு இழுப்புக்கு ஒரே வேட்டு என்று காவல் காக்கும் டிஸ்கனெக்டர், ட்ரிகரையும் சியரையும் மறுபடி இணைத்ததன் சத்தம் அது. ஸ்லைடோடு சேர்ந்து ஹேமரும் முன்னே வந்துவிட்டால் கோளாறு.

இந்தச் சோதனைகளைப் பாயிண்ட் 22 ரைஃபிளில் வெறும் அறையோடு திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம். அந்தத் தோட்டாவின் தீப்பொறி மருந்து விளிம்பில் இருப்பதால் ஊசி அடிப்பதும் விளிம்பில்தான். தோட்டா இல்லையென்றால் சில துப்பாக்கிகளில் அது அறையின் எஃகு விளிம்பைக் கொத்திப் பள்ளமாக்கிவிடும். போலித் தோட்டா போட்டுச் சோதிப்பது நல்லது. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளையும் குண்டில்லாமல் சுடக் கூடாது. பிஸ்டனை மெத்தையாகத் தாங்கும் காற்று நிற்காமல் போய், பிஸ்டன் உருளையின் முனைச் சுவரில் மோதும். அதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குழலை மடித்து காக் செய்த நிலையில், குண்டு வைக்க விரலை உள்ளே விடும்போது சியர் நழுவினால் குழல் அறைந்து மூடும், விரல் நசுங்கும். குண்டு வைத்து முடிக்கும் வரை மறுகை குழலை இறுகப் பிடித்தே இருக்க வேண்டும்.

சோதனையில் தவறினால் அடுத்து என்ன? ஆயுதச் சட்டம், 1959-இன் 5-ஆம் பிரிவுப்படி, தொழிலாகத் துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, அதைப் பழுது பார்க்கவும் மாற்றவும்கூட உரிமம் வேண்டும். மீறினால் 25-ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் வரை போகலாம். தெரிந்தவர்தானே, சின்ன வேலைதானே என்று ஸ்பிரிங்கை வெட்டிக் கொடுக்கும் லேத் பட்டறைக்காரருக்கும் இதே வழக்குதான் காத்திருக்கிறது. துப்பாக்கியைக் காலி செய்து, உரிமத்தோடு எடுத்துக்கொண்டு உரிமம் பெற்ற ஆயுத டீலரிடமே போக வேண்டும். அங்கே, "ட்ரிகரை லேசாக்கிக் கொடுங்கள்" என்று கேட்பதைவிட, சோதனையின் எந்தப் படியில் ஹேமர் விழுந்தது என்று சொன்னால் கோளாறு சியரிலா, சேஃப்டியிலா, டிஸ்கனெக்டரிலா என்பது பெட்டியைத் திறக்குமுன்பே பாதி தெரிந்துவிடும்.